நாக்கு நீட்டிய பை

சலவைக்கூடத்தில் அவளுக்குப் பையக்கா என்று பெயர். வேலையைப் பார்த்து வந்த பெயர். அழுக்குத் துணி இயந்திரத்துக்குள் போவதற்கு முன்னால் சட்டை, கால்சட்டை, கோட்டு என்று ஒவ்வொன்றின் பையிலும் கைவிட்டுத் துழாவி, உள்ளே இருப்பதை எடுத்து வைப்பது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே மேசை, அதே ஜன்னல் வெளிச்சம்.

இது என்ன பெரிய வேலை என்று தோன்றும். ஒரு பேனா உள்ளே போய்விட்டால் தெரியும். நாற்பது வெள்ளைச் சட்டையில் நீலப் புள்ளி விழுந்து, நாற்பது வீட்டுக்கு முதலாளியம்மா பதில் சொல்ல வேண்டும். ஒரே ஒரு காகிதக் கைக்குட்டை போதும், கறுப்புத் துணி முழுக்கப் பஞ்சு பறந்த மாதிரி ஆக்கிவிடும். பையக்காவின் விரல்களுக்குத் தப்பியது எதுவும் இல்லை. கட்டின பல் வந்திருக்கிறது, பாதி தின்ற மிட்டாய் வந்திருக்கிறது, காதல் கடிதம் வந்திருக்கிறது, ஒரு தடவை உயிரோடு பல்லி வந்து கூடமே அலறியிருக்கிறது. "மனுஷன் வாய் மறைச்சாலும் பை சொல்லிடும்" என்பாள். ஆனால் எந்தப் பை எதைச் சொன்னது என்று அவள் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே வந்ததில்லை. மேலே இருக்கிறவர் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை என்ற பயம் அவளுக்கு உண்டு.

பார்த்து முடித்த பையின் உள்துணியை வெளியே இழுத்துத் தொங்கவிடுவாள். அதற்கு நாக்கு என்று பெயர். நாக்கு நீட்டாத துணி தண்ணீரைத் தொடக் கூடாது. அது கூடத்துச் சட்டம். சில பேர் வீட்டிலேயே பையை இழுத்துவிட்டுக் கொண்டுவருவார்கள். "நானே பார்த்துட்டேம்மா" என்பார்கள். பையக்கா சிரித்துக்கொண்டே அந்த நாக்கை உள்ளே தள்ளி, தானும் ஒரு தடவை கைவிட்டுப் பார்த்து, பிறகு இழுத்து விடுவாள். வேறொரு கை இழுத்த நாக்கை அவள் நம்ப மாட்டாள்.

கிடைத்த பொருளைச் சுவரோரம் இருக்கும் மரப்பெட்டியில், துணியில் குத்தியிருக்கும் எண்ணுக்குரிய அறையில் போட வேண்டும். மேசைக்கும் பெட்டிக்கும் நாலு எட்டு தூரம். அந்த நாலு எட்டும் எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவாள். "முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு." போட்டதும் வாய் மூடும். காகிதம் இல்லை, பென்சில் இல்லை. அவள் போட்டுக்கொள்ளும் ஏப்ரனுக்குப் பையும் இல்லை. பை பார்க்கிறவளுக்குப் பை இருந்தால் நாளைக்கு ஒருத்தர் ஒன்று சொல்வார் என்று, முதலாளியம்மாவின் மாமனார் காலத்திலேயே பையில்லாமல் தைத்த ஏப்ரன் அது.

அவள் வீட்டுக்காரர் ரொட்டிக் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, மூன்றரைக்கு வீட்டை விட்டால், ஊர் விழிப்பதற்குள் முப்பது கடைக்கு ரொட்டி இறக்க வேண்டும். நல்ல மனிதர். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. அதே மாதிரி, முப்பது வருஷத்தில் தன் கையால் ஒரு வாய் தண்ணீர் மொண்டு குடித்ததும் கிடையாது.

அவளுடைய அம்மா கடைசி இரண்டு வருஷம் ஞாபகம் தப்பி இவர்கள் வீட்டில்தான் கிடந்தார். பெற்ற மகளைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா? சாப்பிட்டியா?" என்று கேட்பார். எல்லாம் போன பிறகும் சாப்பிட்டியா போகவில்லை. ராத்திரியில் எழுந்து கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார் என்று பையக்கா பாதித் தூக்கத்தில் பாதிக் காதைத் திறந்து வைத்துப் பழகினாள். அம்மா கண்ணை மூடிய பிறகும் அந்தக் காது மூடவில்லை. எழுப்ப ஆளில்லாமலே உடம்பு எழுந்துகொண்டது. ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள வீடு. அவள் புரண்டால் கட்டில் முனகும், தண்ணீர் குடித்தால் குழாய் கத்தும், பிரார்த்தனையை முணுமுணுத்தால் சுவர் திருப்பிச் சொல்லும்.

"நீயும் தூங்கல, என்னையும் தூங்க விடல" என்று அவர் ஒரு நாள் சொன்னார். கோபமாகக்கூட இல்லை, அழுகிற மாதிரி.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்த அதிசயம் நடந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்த்தால், அவர் அடுப்பு முன்னால் நின்றுகொண்டு பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். தேன் விட்டு ஆற்றி, தம்ளரில் ஊற்றி, எட்டரை மணிக்கு அவள் கையில் கொடுத்தார்.

"என்னங்க இது, மழை கொட்டப் போகுதா?"

"குடி. நல்லாத் தூக்கம் வரும்னு சொன்னாங்க."

"லேசா கசக்குதே?"

"தேன் அப்படித்தான். சுத்தமான தேன்னா கசக்கும்."

அன்றைக்குத் தூங்கினாள். அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். காலையில் கண்ணில் நீர் வர நன்றி சொன்னாள், கடவுளுக்கும் பாலுக்கும் பால் கொடுத்த கைக்கும். கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

இஸ்திரி போடும் அண்ணன் மட்டும் தலையை ஆட்டினார். "பையக்கா, முப்பது வருஷம் கழிச்சு ஒரு புருஷன் பால் காய்ச்சறான்னா ரெண்டே காரணம்தான். ஒண்ணு, ஏதோ தப்பு பண்ணிட்டான். இல்ல, இனிமே பண்ணப் போறான்."

"உங்க வாயில அந்த இஸ்திரிப் பெட்டியை வைக்க. உங்க வீட்டுல போய் நீங்க காய்ச்சுங்க முதல்ல."

"நான் காய்ச்சினா அவ போலீஸைக் கூப்பிடுவா."

கூடமே சிரித்தது. பையக்காவும் சிரித்தாள்.

எப்போது தொடங்கியது என்று அவளால் சொல்ல முடியாது. காலையில் எழுந்தால் தலைக்குள் பிழியாத துண்டைச் சுருட்டி வைத்த மாதிரி இருக்கும். அவர் அதற்குள் போயிருப்பார். அவளுடைய காலையை அவர் பார்த்ததே இல்லை. குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. கதவைப் பூட்டினோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருவாள், பூட்டியிருக்கும், மறுபடி தெருமுனையில் அதே சந்தேகம். பேருந்தில் நின்றபடியே கண்ணை மூடித் தன் நிறுத்தத்தைத் தாண்டிப் போனாள். பகல் பதினொரு மணி, பன்னிரண்டு மணி ஆனால்தான் உலகத்துக்கு விளிம்பு வரும். சாயங்காலம் தெளிவாக இருப்பாள். "காலையில என்னமோ அசதி" என்று சிரித்துக்கொள்வாள். அப்புறம் எட்டரை, பால்.

மேசையில்தான் பயந்துபோனாள். கோட்டைக் கையில் எடுத்தது தெரியும். நாக்கு வெளியே தொங்குவதும் தெரியும். நடுவில் கை உள்ளே போனதா, என்ன வந்தது, வந்ததை எங்கே போட்டாள், அது மட்டும் இருக்காது. நாலு எட்டு நடக்கையில் எண் வாயில் இருக்கும், ஆனால் அது மேசையில் எடுத்த எண்தானா என்று சந்தேகம் வரும்.

ஒரு காலையில் பிரார்த்தனையில் ஒரு வரி காணாமல் போனது. ஆறு வயதில் மனப்பாடம் செய்தது. அம்மாவுக்குத் தன் பெயரே மறந்த நாளிலும் அந்த வரிகள் மறக்கவில்லை. பையக்கா மண்டியிட்டபடி முதலிலிருந்து சொல்லிப் பார்த்தாள். அதே இடத்தில் நின்றது. கல்லில் கால் இடறினாற்போல் அதே இடம். கடவுள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று நினைத்தாள். என்ன பாவம் செய்தேன் என்று ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கித் துழாவினாள், பையைத் துழாவுகிற மாதிரி. ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். "என்னங்க, அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சு. நாளைக்கு உங்களைப் பார்த்தே யாருன்னு கேட்பேன் போல இருக்கே."

அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். "வயசாகுதில்ல, விடு. எல்லாருக்கும்தான் மறக்குது. பேசாம வேலையை விட்டுடு, வீட்டுல இரு. பாலைக் குடி, ஆறிடப் போகுது."

குடித்தாள்.

அந்த மாதம்தான் தோடு விவகாரம் வந்தது. கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர் உண்டு. தபாலாபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்து மூன்று வருஷம். அவருடைய எண் நாற்பத்தாறு. ஒரு செவ்வாய்க்கிழமை வந்து நின்றார்.

"கோட்டுப் பையில ஒரு தோடு விட்டுட்டேன்மா. ஒத்தைத் தோடு. அவளோடது. நடக்கறப்போ கையில வச்சுக்குவேன், பழக்கம்."

பையக்கா பெட்டியைப் பார்த்தாள். நாற்பத்தாறு காலியாக இருந்தது. கோட்டின் இரண்டு நாக்கும் ஒழுங்காகத் தொங்கின. நாக்கு தொங்கினால் அவள் பார்த்திருக்கிறாள் என்று அர்த்தம். அவள் பார்த்திருந்தால் தப்பியிருக்காது.

"கடவுள் சாட்சியா சொல்றேங்க, உங்க கோட்டுல ஒண்ணும் இல்ல."

"நீ சொன்னா சரிதாம்மா" என்றார் அவர். "நான்தான் எங்கேயோ தொலைச்சுட்டேன் போல." கோட்டை வாங்கி மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, பையிருக்கும் இடத்தைத் தடவியபடியே படியிறங்கினார்.

ஒன்பது நாள் கழித்து, கணக்கு வாத்தியாரும் அவர் மனைவியும் வந்தார்கள். வாத்தியார் பின்னால் நின்றார். அந்தம்மா உள்ளங்கையை நீட்டினாள். அதில் ஒத்தைத் தோடு.

"இவரு கால்சட்டை கொடுத்தனுப்பினீங்களே, கூடவே பொட்டலத்துல இது இருந்துச்சு. எனக்கு இருக்கிறது ரெண்டு காது. ரெண்டுலயும் தோடு இருக்கு. அப்ப இது எந்தக் காதோடது?"

"ஒம்பது நாளா நான் சமையல்கட்டுல படுக்கிறேங்க" என்றார் வாத்தியார் மெல்லிய குரலில். "உண்மையைச் சொல்லி என்னைக் காப்பாத்துங்க."

வாத்தியாருடைய எண் அறுபத்து நாலு. நாற்பத்தாறு, நாற்பத்தாறு என்று மேசையிலிருந்து கிளம்பிய வாய், பெட்டிக்குப் போவதற்குள் அறுபத்து நாலு என்று புரண்டிருக்கிறது. இஸ்திரி அண்ணன் வாயைப் பொத்திச் சிரித்தார். அந்தம்மாகூட விஷயம் தெரிந்ததும் சிரித்துவிட்டாள். பையக்கா மட்டும் காலியாக இருந்த நாற்பத்தாறாம் அறையைப் பார்த்தாள். தோடு இடம் மாறியது இருக்கட்டும். கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிட்டுப் பொய் சொல்லியிருக்கிறாள்.

முதலாளியம்மா அவளை உள்ளே கூப்பிட்டார். "எனக்குக் கோபம் இல்லம்மா, பயமா இருக்கு. நீ கொஞ்ச நாள் துண்டுப் பக்கம் இரு. துண்டுக்குப் பை கிடையாது. இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா வீட்டுல ஓய்வெடு. நான் உன்னை அனுப்பறேன்னு நினைக்காதே."

தோட்டை முதலாளியம்மாவே கறுப்புக் கோட்டுக்காரர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். பையக்காவுக்கு முகத்தைக் கொண்டுபோய் அங்கே காட்டத் தெம்பு இல்லை.

துண்டும் ரொட்டிக் கம்பெனியின் வெள்ளைக் கோட்டும் ஒரே கொதிதண்ணீரில் போகிறவை. வியாழக்கிழமை தோறும் முப்பது கோட்டு மூட்டையாக வரும். பையைக் காலி செய்துதான் கொடுக்க வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு, யாரும் பார்ப்பதில்லை. கை சும்மா இருக்குமா? பையக்கா ஒவ்வொன்றாக விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே போட்டாள். பதினோராம் எண் அவள் வீட்டுக்காரருடையது. உள்பக்கத்துப் பேனாப் பையில் அடியில் ஓட்டை. எட்டு மாதமாகத் தைக்க வேண்டும், தைக்க வேண்டும் என்று நினைத்து மறந்த ஓட்டை. விரல் அதன் வழியாக உள்ளே நழுவியது. துணிக்கும் உள்துணிக்கும் நடுவில், கீழ்த் தையல் ஓரத்தில், ஏதோ மொடமொடத்தது.

வெளியே எடுத்தாள். மருந்துக்கடைக் காகித உறை, நாலாக மடித்தது. உள்ளே இரண்டு மாத்திரை மிச்சமிருந்த அட்டை. உறையின் மேல் அவர் பெயர். கீழே பேனாவால் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'தூங்கப் போகும்போது 1. மறுநாள் மந்தம், மறதி இருக்கலாம். வண்டி ஓட்டக் கூடாது.'

அவளுக்கு முதலில் வந்தது அவர் மேல் பயம். ஐயோ, இந்த மனிதர் தூக்க மாத்திரை போட்டுக்கொண்டா விடியற்காலையில் வண்டி ஓட்டுகிறார்! இத்தனை நாள் சொல்லவே இல்லையே! ஏப்ரனில் பை இல்லாததால் உறையைக் கைக்குள்ளேயே மூடி வைத்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரம் வரை ஒற்றைக் கையால் துண்டு பிரித்தாள். மணி அடித்ததும் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமல் மருந்துக்கடைக்கு ஓடினாள்.

"அண்ணே, இவருக்கு இதைக் கொடுக்காதீங்க. வண்டி ஓட்டறவரு."

கடைக்காரர் உறையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அவர் எங்கம்மா சாப்பிடறாரு? டாக்டர் அவருக்குத்தான் எழுதினாரு. நான் எச்சரிச்சதும், காலைல வண்டி இருக்கே, வேண்டாம்னுட்டாரு. அப்புறம் வந்து, வீட்டுல சம்சாரத்துக்குன்னு கேட்டாரு. எட்டு மாசமா உங்களுக்குத்தானே வாங்கிட்டுப் போறாரு? நேத்துகூடப் புதுசா ஒரு அட்டை கொடுத்தேனே. நீங்கதானே கேட்டு வாங்கிட்டு வரச் சொன்னீங்க?"

பையக்கா கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா? பொடி பண்ணிப் பால்ல கலந்தா சாப்பிடுவீங்கன்னாரே... உங்களுக்குத் தெரியாதா?" அவர் குரல் தணிந்தது. "காலைல தலை பாரமா இருக்கா? மறக்குதா?"

"ஒரு வரி மறந்துபோச்சு" என்றாள் அவள்.

"என்ன வரி?"

அவள் உறையைத் திரும்ப வாங்கிக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"ஆளைப் பார்க்காம நான் கொடுத்திருக்கக் கூடாது, தப்புதான். ஆனா ஒண்ணு, ஆத்திரத்துல இன்னைக்கே நிறுத்திடாதீங்க. எட்டு மாசம் தினமும் உள்ள போனது. திடீர்னு விட்டா உடம்பு முரண்டு பிடிக்கும். டாக்டரம்மாவைப் பார்த்துக் குறைங்க."

திரும்பி நடக்கையில் அந்த எட்டு மாதமும் அவளோடு கூடவே நடந்தது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவளோ வெளுக்கிற இடத்திலேயே வேலை பார்த்துக்கொண்டு அதை நம்பியிருக்கிறாள்.

ராத்திரி எட்டரைக்கு அவர் தம்ளரை நீட்டினார். அவள் வாங்கினாள். வாங்கி, அவர் முன்னால் வைத்தாள்.

"இன்னைக்கு நீங்க குடிங்க."

"எனக்கெதுக்கு? நீ குடி."

"ஒரு நாள் குடிங்களேன். எட்டு மாசமா நான் மட்டும் குடிக்கிறேன், மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

"வேண்டாம்மா. எனக்குக் காலைல வண்டி இருக்கு."

சொன்ன பிறகுதான் அவருக்குக் காதில் விழுந்தது. தம்ளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பால் மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது.

"எனக்கும் காலைல மேசை இருந்துச்சுங்க" என்றாள் பையக்கா.

உறையை எடுத்துத் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"நான் ஒரு நாள் ஸ்டியரிங்ல கண்ணசந்துட்டேன். விளக்குக் கம்பத்துக்கு ஒரு முழம். ஒரே முழம்தான். உன்கிட்ட சொல்லல. நான் தூங்கணும்னா நீ தூங்கணும். வேற வழி தெரியல."

"சொல்லியிருந்தா நானே வாங்கிக் குடிச்சிருப்பேனே."

"மாத்திரைன்னா நீ பயப்படுவே."

"சொல்லாமலும் பயந்தேன்தான். அம்மா மாதிரி ஆயிட்டேன்னு உங்க தோள்ல சாஞ்சு அழுதேன். அன்னைக்குச் சொல்லியிருக்கலாமே. 'இல்லடி, அது நோய் இல்ல, மாத்திரை'ன்னு ஒரு வார்த்தை. உங்களுக்குத்தான் தெரியுமே, அந்த உறையில எழுதியே இருக்கே. வயசாகுதுன்னீங்க. வேலையை விடுன்னீங்க. அதே கையால முதுகைத் தடவிட்டு, அதே கையால தம்ளரைக் கொடுத்தீங்க."

"உன் நல்லதுக்கும்தான் நினைச்சேன்..."

"கடவுள் என்னை விட்டுட்டாருன்னு நினைச்சேங்க" என்றாள். அவள் தம்ளரை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தாள். அட்டையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துத் தண்ணீரோடு தன் கையால் விழுங்கினாள். கசப்பு தெரிந்தது. எட்டு மாதமாகத் தேன் என்று நினைத்த அதே கசப்பு.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனாள். முக்கால், அரை, கால் என்று வாரக்கணக்கில் இறங்க வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தார். "ஞாபகம் எங்கேயும் போகலம்மா. மருந்து முழுக்க இறங்குறதுக்குள்ள நீங்க எழுந்து வேலைக்குப் போறீங்க, அவ்வளவுதான். வந்தது உங்க அம்மாவோட நோய் இல்ல" என்றார். பையக்கா அந்த வாக்கியத்தைப் பேருந்து வரைக்கும், எண்ணைச் சொல்லிக்கொண்டு போகிற மாதிரி சொல்லிக்கொண்டே நடந்தாள்.

இறங்குவது லேசாக இல்லை. கை நடுங்கியது, காரணமில்லாமல் நெஞ்சு படபடத்தது. பக்கத்தில் அவர் தூங்குவது போலக் கிடந்தார்; தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். இரண்டு பேரும் விழித்திருந்தும் ஒருவரும் பேசவில்லை. முன்பு அவள் புரண்டால் முனகின கட்டில் இப்போது அவர் புரளும்போது முனகியது. அவர் கம்பெனியில் கேட்டுப் பகல் வண்டிக்கு மாற்றிக்கொண்டார். எட்டு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தாலும் கிடைத்திருக்கும். அதை அவரே சொன்னார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

மாதக் கடைசியில் முதலாளியம்மாவிடம் போய் நின்றாள். "அம்மா, எனக்குத் தெளிஞ்சுட்டு வருது. மேசையைத் திருப்பிக் கொடுங்க. நோய் இல்ல, ஒரு மாத்திரை. எனக்குத் தெரியாம சாப்பிட்டிருக்கேன்."

"தனக்குத் தெரியாம ஒருத்தி எப்படிம்மா தினம் மாத்திரை சாப்பிட முடியும்?"

பையக்கா தரையைப் பார்த்தாள். எந்தப் பை என்ன சொன்னது என்று அவள் சொல்கிறவள் இல்லை. ஆனால் இஸ்திரிச் சத்தம் பக்கத்தில் நின்றுபோயிருந்தது. "பால்" என்று அந்த அண்ணன் மெதுவாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. "பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்னு சொல்லுவாங்க" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் விட்டு, ஏற்கெனவே தேய்த்த சட்டையையே மறுபடி தேய்த்தார்.

முதலாளியம்மா வேறொன்றும் கேட்கவில்லை. "ஒரு வாரம் எழுதி வச்சுப் பண்ணு. அப்புறம் பார்ப்போம்" என்று ஒரு பென்சிலைக் கொடுத்தார். பத்தொன்பது வருஷத்தில் முதல் பென்சில். அவளுக்கு அது அவமானமாகத்தான் இருந்தது. வாங்கிக்கொண்டாள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கோட்டுக்காரர் வீட்டுக்குப் போனாள். "ஐயா, அன்னைக்குக் கடவுளைச் சாட்சி வச்சு நான் சொன்னது பொய். தெரியாம சொன்னேன். ஆனா பொய்தான்."

அவர் தோட்டை உள்ளங்கையில் உருட்டினார். "நீ சொன்னதும் நான் என்ன நினைச்சேன் தெரியுமா? எனக்குத்தான் புத்தி பேதலிக்குதுன்னு. ஒம்பது நாள் அப்படியே நினைச்சேன்." பிறகு சிரித்தார். "கிடைச்சுதே, அது போதும்மா. வா, உட்காரு."

தனக்கு ஒருவர் செய்ததை, இவருக்குத் தான் செய்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது. ஒன்பது நாள். அவள் உட்கார்ந்தாள். எழுந்து வர வெகு நேரமாயிற்று.

விட்டுப்போன வரி, கால் மாத்திரைக்கு வந்த மூன்றாவது நாள் காலையில் திரும்பி வந்தது. தேடாமலே வந்தது, அரிசி களைந்துகொண்டிருக்கும்போது வாய் தானாகச் சொல்லிவிட்டது. களைந்த தண்ணீர் கையில் வழிய அப்படியே நின்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டவர் கடவுள் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது ஆறுதலாகவும் இருந்தது, அதனாலேயே இன்னொரு பக்கம் ஆறவும் இல்லை.

வீட்டில் பேச்சு வந்துவிட்டது. சாப்பிட்டீங்களா, மழை வருது, குடை எடுத்துட்டுப் போங்க. பால் மட்டும் யாரும் காய்ச்சுவதில்லை. சாயங்காலம் அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியதும், பையக்கா போய் எல்லாப் பையிலும் கைவிட்டுப் பார்த்து, நாக்கை வெளியே இழுத்து விடுவாள். ஒளித்துச் செய்வதில்லை, அவர் பார்க்கத்தான் செய்வாள். காலையில் அவர் ஒவ்வொரு நாக்காக உள்ளே தள்ளிவிட்டு, மாட்டிக்கொண்டு போவார். ஏன் என்று கேட்டதில்லை.

ஒரு நாள் அவள் சமையல்கட்டிலிருந்து வருவதற்குள் கோட்டு ஆணியில் தொங்கியது. எல்லா நாக்கும் ஏற்கெனவே வெளியே நீண்டிருந்தன. அவரே இழுத்து விட்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, ஈரக் கையோடு நிற்கும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பையக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு நாக்காக உள்ளே தள்ளினாள். விரலை விட்டு மூலை வரை துழாவினாள். கீழ்த் தையலை நெடுகத் தடவினாள். பேனாப் பையின் ஓட்டையைத் தைத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அதையும் ஒரு தடவை நிரடிப் பார்த்தாள். பிறகு தன் கையால் நாக்குகளை வெளியே இழுத்து விட்டுவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனாள்.